என்பிடெல் பைத்தான் பாடம்: மாணவர்களோடு சேர்ந்து படித்த எட்டு வாரங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கினேன். காணொளிகள் மெருகாக இருந்தன. எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் விடைத்தாள் திருத்தும் வேலை, வீட்டு வேலை என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்க, ஒன்பதாவது காணொளியைத் தாண்டவே முடியாமல் சந்தா முடிந்துபோனது. அதன் பிறகுதான் எங்கள் கல்லூரிக் கணிதத் துறை மாணவர்கள் பதினொரு பேரோடு நானும் ஒரு மாணவியாகச் சேர்ந்து, சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வார பைத்தான் பாடத்தை என்பிடெல்லில் படித்து முடித்தேன். ஒன்றை முடிக்க முடியாமல் போனதற்கும் மற்றொன்றை முடித்ததற்கும் என்ன காரணம் என்பதை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில், 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். முதலில் வகுப்பறை விரிவுரைகளைப் பதிவு செய்து இலவசமாக வெளியிடுவதாக மட்டுமே இருந்த இத்திட்டம், 2014 முதல் வாரவாரியான பாடங்களையும் சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. இப்போது மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பாடத்தில் சேரவும் படிக்கவும் கட்டணம் கிடையாது. தேர்வு எழுத விரும்புகிறவர்கள் மட்டும் பணம் கட்டினால் போதும். நாங்கள் எழுதியபோது அது 1000 ரூபாயாக இருந்தது.

பாடம் தொடங்கும் விதமே எனக்குப் பிடித்துப்போனது. கணினி என்றால் என்ன, மொழியின் வரலாறு என்ன என்ற முன்னுரைகளில் நேரம் போக்காமல், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கும் கணக்கிலிருந்து பேராசிரியர் தொடங்குகிறார். 14, 63 ஆகிய எண்களுக்கு வகுத்திகளைப் பட்டியலிட்டு, இரண்டிலும் உள்ளவற்றைப் பிரித்து, அவற்றில் பெரியதான 7-ஐ எடுப்பது ஆறாம் வகுப்பிலேயே நாம் கற்ற வழிதான். அந்த வழியையே நிரலாக எழுதி, அதில் வீணாகும் வேலையை ஒவ்வொன்றாகக் களைந்து, இறுதியில், பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்து மீதியைக் கொண்டே தொடரும் யூக்ளிடின் முறைக்கு வந்து சேர்கிறார். இருபது ஆண்டுகளாக யூக்ளிடின் முறையைக் கரும்பலகையில் எழுதிவரும் எனக்கு, அது ஏன் அவ்வளவு விரைவானது என்பதை ஒரு மாணவனுக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

ஆனால் எங்களைக் கடைசி வாரம் வரை இழுத்து வந்தது விரிவுரை மட்டுமன்று, வாரந்தோறும் வந்த கெடு. அசைன்மென்ட்டைப் புதன்கிழமை இரவு 11:59-க்குள் ஏற்றியாக வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் வாயில் மூடிவிடும். நிரலை ஏற்றியவுடன் சில சோதனை உள்ளீடுகளுக்கு அது சரியான விடை தருகிறதா என்று தளம் அங்கேயே காட்டிவிடும். மறைத்து வைக்கப்பட்டுள்ள வேறு சில உள்ளீடுகளோ கெடு முடிந்த பிறகே ஓடும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க, தொடக்க மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்து எழுதியிருந்தாள். கண்ணுக்குத் தெரிந்த சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மறைந்திருந்த ஒன்றில் மட்டும் தவறு என்று வந்தது. மறுநாள் என் மேசைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "மேம், எல்லா எண்ணும் மைனஸா இருந்தா என்னோட புரோகிராம் பூஜ்யத்தைத்தான் சொல்லும்" என்று தானே கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த ஒரு தவறு அவளுக்குக் கற்றுக்கொடுத்ததைப் பத்துக் காணொளிகள் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் மாணவர்களில் நான்கு பேரிடம்தான் மடிக்கணினி இருந்தது. மற்றவர்கள் கைபேசியில் படித்தார்கள். அதிலும் ஒருவனுக்கு, அப்பா இரவு ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைபேசி கைக்கு வரும். பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு என்பதால், சிறிய திரையில் கட்டைவிரலால் நான்கு நான்கு இடைவெளியாகத் தட்டி, எங்கோ ஒன்று குறைந்து, பிழைச் செய்தி வந்து, எந்த வரி என்று தேடுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். இரண்டாவது வாரத்திலேயே மூன்று பேர் விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை மாலையில் கணினி ஆய்வகத்தை எங்களுக்கு மட்டும் திறந்து வைக்கக் கேட்டுக்கொண்டோம். வீட்டில் காணொளியைப் பார்த்து, நிரலை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஆய்வகத்தில் தட்டி ஓட்டிப் பார்ப்பது என்று வழக்கமாகியது. ஒருவருக்கு வராதது பக்கத்தில் இருப்பவருக்கு வந்திருக்கும். அந்த மூன்று பேரும் தேர்வு வரை வந்தார்கள்.

ஹார்வர்டும் எம்ஐடியும் தங்கள் முதல் 17 இணையப் பாடங்களைப் பற்றி 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், 8,41,687 பதிவுகளில் சான்றிதழ் வரை சென்றவை 43,196 மட்டுமே என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். அதாவது நூற்றுக்கு ஐந்து. பதிந்தவர்கள் எல்லோரும் சான்றிதழை எண்ணிப் பதிந்தவர்கள் அல்லர் என்றாலும், உலகின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் திரையில் வந்து நின்றால் மட்டும் போதாது என்பதை அந்த எண் தெளிவாகவே சொல்கிறது.

தேர்வை இணையத்தில் வைக்காமல், குறித்த மையத்துக்கு நேரில் வந்து கண்காணிப்பாளர் முன் எழுத வைப்பதை இத்திட்டத்தின் பெரிய பலமாகக் கருதுகிறேன். பெரும்பாலான பாடங்களில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. நிரலாக்கப் பாடங்களில் இது சற்று மாறுவதும் உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் அசைன்மென்ட் விடைகள் வாரந்தோறும் சுற்றுகின்றன. எங்கள் மாணவர்களிலும் இருவர் அவற்றை வாங்கி அப்படியே ஏற்றினார்கள். தேர்வறையில் தாளைப் பார்த்ததும் அவர்கள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது, ஏனெனில் இருவருமே புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைகள், முதல் இரண்டு வாரங்களில் உட்கார வைக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

குறைகள் என்று சொன்னால், முதலாவது மொழி. பல என்பிடெல் பாடங்களின் விரிவுரை எழுத்துவடிவம் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுக் கிடைக்கிறது. அது பெரிய உதவி. ஆனாலும் விரிவுரையும் வினாத்தாளும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை கணக்கைப் புரிந்துகொள்வதற்கு முன் கேள்வியைப் புரிந்துகொள்ளப் போராட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, காணொளியின் நீளம். வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் என்பது பெரிதன்று. ஒரே மூச்சில் அரை மணி கேட்பதுதான் கைபேசியில் கடினம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை மூடிவைத்துவிட்டு நோட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். சொன்னபடி செய்தவர்களுக்கு அசைன்மென்ட் எளிதாக வந்தது.

தனியாகப் படிக்க நினைப்பவருக்கு இந்தப் பாடத்தைத் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன்; கூட ஒரே ஒருவர் சேர்ந்தாலும் தயங்காமல் சேரச் சொல்வேன். எங்கள் பதினொரு பேரில் ஒன்பது பேர் சான்றிதழ் பெற்றார்கள், மைனஸ் எண்களைக் கண்டுபிடித்தவள் 75-க்கு மேல் எடுத்து வெள்ளிச் சான்றிதழ் வாங்கினாள். அடுத்த பருவத்துக்கு இதுவரை இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; செவ்வாய்க்கிழமைகளில் ஆய்வகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க முதல்வரிடம் அனுமதி வாங்கிவிட்டோம்.