மூன்று இயங்குதளம், ஒரு ஃபோல்டர்: சாம்பாவா, என்எஃப்எஸ்ஸா, விண்டோஸ் ஷேரிங்கா?

பக்க அமைப்பு செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. தட்டச்சும் பக்க அமைப்பும் விண்டோஸில் நடக்கும். அட்டையும் படங்களும் மேக்கில். மெய்ப்புப் பார்ப்பவர் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறார். மூலையில் இருக்கும் சர்வரிலும் உபுண்டுதான். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வேண்டும், எல்லாரும் ஒரே பழைய யுஎஸ்பி லேசர் பிரிண்டரில் அச்செடுக்க வேண்டும், பென் டிரைவோடு மேசைக்கு மேசை நடப்பது நிற்க வேண்டும். தேவை அவ்வளவுதான். ஃபைலுக்கு சாம்பா (லினக்ஸ் சர்வரின் ஃபோல்டரை விண்டோஸ் ஷேர் போலக் காட்டும் மென்பொருள்), பிரிண்டருக்கு கப்ஸ் (லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கும் அச்சு மென்பொருள்) என்று வைத்துக்கொண்டோம், ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றவற்றை ஏன் விட்டோம், இதில் என்னென்ன தொல்லை என்பதைப் பார்க்கலாம். நான் சாம்பா கட்சி. நடுநிலையான தீர்ப்பு வேண்டுபவர்கள் இதை ஒரு தரப்பு வாதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலை, வேகம் இரண்டிலும் பேச அதிகம் இல்லை. சாம்பா, என்எஃப்எஸ் (யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகள் தங்களுக்குள் ஃபோல்டர் பகிரும் முறை), கப்ஸ் எல்லாமே இலவசம். ஒரே ஜிகாபிட் சுவிட்சில் சில கணினிகள் மட்டும் இருக்கிற இடத்தில் பெரிய ஃபைல் எதில் போனாலும் கேபிளின் வேகம்தான் எல்லை. லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்றால் என்எஃப்எஸ் முந்தும். நம் மாதிரி அலுவலகங்களில் அப்படி ஒரு நிலைமை அடிக்கடி வராது.

நெக்ஸ்ட்கிளவுட், சிங்க்திங் இரண்டையும் பலர் சொல்வார்கள். நல்ல மென்பொருட்கள்தான். ஆனால் சிங்க்திங்கும் நெக்ஸ்ட்கிளவுட்டின் டெஸ்க்டாப் செயலியும் செய்வது வேறு வேலை: ஒவ்வொரு கணினியிலும் ஒரு நகல் வைத்து, நகல்களை ஒத்துப்போகச் செய்வது. ஒரே அத்தியாயத்தை இருவர் ஒரே நேரத்தில் திறந்து சேமித்தால் முரண்பட்ட நகல் என்று இன்னொரு ஃபைல் முளைக்கும். எந்த நகலில் எந்தத் திருத்தம் என்று தேடி உட்காரும் வேலை அச்சுக்குப் போகும் நாளில் யாருக்கும் வேண்டாம். பொது ஃபோல்டர் என்றால் ஒருவர் திறந்திருக்கும்போது மற்றவருக்கு "இது பயன்பாட்டில் இருக்கிறது" என்று தெரிய வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதிகம் என்றால் கணக்கு மாறலாம்.

விண்டோஸில் ஃபோல்டரை வலது கிளிக் செய்து ஷேர் செய்வதும் ஒரு வழி. எல்லாக் கணினியும் விண்டோஸ் என்றால் அதையே செய்துவிட்டு மேலே படிக்காமல் போகலாம். ஒரே சிக்கல், யாரோ ஒருவருடைய மேசைக் கணினி சர்வராகிவிடும். அவர் சீக்கிரம் கிளம்பினால் அணைத்துவிட்டுப் போவார், அப்டேட் வந்தால் அது தானாக மறுதொடக்கம் ஆகும். சர்வர் அல்லாத விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 சாதனங்கள் வரைதான் இணையலாம் என்று உரிம வரம்பும் உண்டு.

சரி, மிச்சம் இருப்பது சாம்பாவும் என்எஃப்எஸ்ஸும்.

இரண்டும் பிறந்த இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். என்எஃப்எஸ் 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் யுனிக்ஸ் கணினிகளுக்காகச் செய்தது. இந்தப் பக்கமும் யுனிக்ஸ், அந்தப் பக்கமும் யுனிக்ஸ், இரண்டிலும் பயனர் எண்கள் (ஒவ்வொரு பயனருக்கும் கணினி உள்ளே வைத்திருக்கும் எண்) ஒன்று என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. சாம்பா 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதியது. எதிரே இருக்கிற கணினி பேசும் எஸ்எம்பி நெறிமுறையை (விண்டோஸ் ஃபைல் பகிரும் பாஷை அது), அந்தக் கணினியில் எதையும் மாற்றாமல், அதன் பேச்சைக் கவனித்தே கற்றுக்கொண்டு பதில் சொல்லும் மென்பொருள். அதனால்தான் சாம்பாவில் வேலை எல்லாம் சர்வர் பக்கம். விண்டோஸுக்கு அது இன்னொரு விண்டோஸ் கணினி மாதிரியே தெரியும். ஆப்பிளும் 2013இல், மேவரிக்ஸ் பதிப்பில், தன்னுடைய பழைய ஏஎஃப்பி நெறிமுறையை ஒதுக்கிவிட்டு எஸ்எம்பி2வைத்தான் இயல்பாக எடுத்துக்கொண்டது. புதிதாக ஒரு லேப்டாப் வந்தால் முகவரி, பெயர், கடவுச்சொல், முடிந்தது.

என்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பஞ்சாயத்து. விண்டோஸ் ஹோம் பதிப்பில் என்எஃப்எஸ் கிளையன்ட்டே (சர்வரோடு போய் இணையும் பக்கம்) கிடையாது. ப்ரோவில் அதை இயக்கினாலும் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் போய் பயனர் எண், குழு எண் இரண்டையும் கையால் எழுதாவிட்டால் யாரோ அநாமதேயராகத்தான் உள்ளே வருவீர்கள். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000, மேக்கில் 501. ஒரே ஆள் இரண்டிலும் உட்கார்ந்தாலும் சர்வருக்கு இரண்டு பேர். அதைவிடப் பெரிய விஷயம், ஆள் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் இல்லாத சாதாரண அமைப்பில் கிளையன்ட் சொல்லும் எண்ணை சர்வர் அப்படியே நம்பிவிடும். கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை.

இதையெல்லாம்கூட ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: தமிழில் ஃபைல் பெயர்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. உள்ளே இருப்பது தமிழாக இருந்தாலும் ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இப்போது எல்லாரும் யூனிகோடில் "பொங்கல் மலர் அட்டை இறுதி 2" என்று தமிழிலேயே பெயர் வைக்கிறார்கள். விண்டோஸின் என்எஃப்எஸ் கிளையன்ட் இந்தப் பெயரைப் பார்த்தால் குப்பைக் குறிகளாகக் காட்டும். அதில் ஜப்பானிய, கொரிய, சீனப் பழைய குறியேற்றங்களுக்கு (எழுத்துகளை எண்ணாகச் சேமிக்கும் முறைகள்) விருப்பத்தேர்வுகள் உண்டு, யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8க்குக் கிடையாது. விண்டோஸ் முழுவதையும் யுடிஎஃப்-8க்கு மாற்றும் பீட்டா வசதி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் பெயர் சரியாகும். ஆனால் நம் தொழிலில் யூனிகோடுக்கு முந்தைய தட்டச்சு மென்பொருட்களும் பழைய ஃபைல்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவை பழைய குறியேற்றத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஃபைல் பெயருக்காக அவற்றைப் பணயம் வைக்க முடியாது.

மேக் பக்கம் இன்னும் நுட்பமான சிக்கல். "பொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ப, அதையடுத்து ஒகரக் குறி முழுதாக ஒன்று என்றால் இரண்டு குறியெண்கள் (யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் உள்ள எண்). ப, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்துவைத்தால் மூன்று. முதல் வகை யுடிஎஃப்-8இல் 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டுக்கும் கடுகளவு வித்தியாசம் தெரியாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே கதைதான். விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டினால் பொதுவாகச் சேர்ந்த வடிவம் வரும். மேக்கோ பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமைக் காலத்திலிருந்தே பெயர்களைப் பிரித்துவைத்துப் பழகியது. சர்வரில் இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கு மொழியெல்லாம் தெரியாது, பைட்டை மட்டும்தான் பார்க்கும். என்எஃப்எஸ் வழியே மேக் "பொங்கல் மலர்" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்க, ஏற்கெனவே விண்டோஸ்காரர் உருவாக்கிய "பொங்கல் மலர்" பக்கத்திலேயே இருக்க, இரண்டும் ஒன்றுபோலத் தெரிய, அட்டை ஒன்றில், உள்பக்கம் இன்னொன்றில். தேடுபெட்டியில் தட்டினால் ஒன்றுதான் அகப்படும். யாரிடம் போய்ச் சொல்வது?

மேக்கில் என்எஃப்எஸ்ஸை இணைக்கும்போது பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்லும் ஒரு விருப்பத்தேர்வு இருக்கத்தான் செய்கிறது. மேக் வாங்கும் ஒவ்வொரு முறையும், கணினியை அழித்து நிறுவும் ஒவ்வொரு முறையும் அதை யாராவது ஞாபகமாகப் போட வேண்டும். சாம்பாவில் அந்தக் கவலை இல்லை. எஸ்எம்பி வழியே போகும்போது மேக் தானாகவே சேர்ந்த வடிவத்தில் அனுப்பிவிடுகிறது.

சாம்பாவிலும் ஒரு ஓட்டை உண்டு. மேக்கிலிருந்து ஆர்சிங்க் போன்ற கருவியால் நேரடியாக சர்வருக்கு நகலெடுத்தால் பிரிந்த வடிவப் பெயர்கள் வட்டில் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் சாம்பா வழியே மேக்கில் பார்த்தால் பெயர் தெரியும், கிளிக் செய்தால் திறக்காது. கான்வ்எம்வி என்ற சின்னக் கருவி மொத்த ஃபோல்டரையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். இயல்பாக அது சோதனை ஓட்டமாக என்னென்ன மாறும் என்று மட்டும் காட்டும். தனியாக அனுமதி கொடுத்தால்தான் மாற்றும். பழைய சேகரிப்பை சர்வரில் ஏற்றியதும் இதை ஓட்டிவிடுவது நல்லது.

இன்னொரு வரம்பு இரண்டுக்கும் பொது. எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் என்பதால் 85 குறியெண்கள். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக ஏறக்குறைய 50. விண்டோஸின் சொந்த வட்டில் 255 குறியெண்கள் வரை போகும். எழுத்தாளர்கள் கட்டுரையின் தலைப்பு, துணைத்தலைப்பு, தங்கள் பெயர், தேதி எல்லாவற்றையும் ஃபைல் பெயராக வைத்து அனுப்பும்போது, மேசைக் கணினியில் சமர்த்தாக இருக்கும் ஃபைல் சர்வருக்குப் போக மறுக்கும். பெயரைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பத்தால் லினக்ஸும் விண்டோஸும் அடித்துக்கொள்ளும். அந்த ஒரு சண்டையில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது.

சாம்பாவில் மேக்குக்கென்று ஃப்ரூட் என்ற தொகுதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் நிழல் ஃபைல்கள் ஃபோல்டரில் குவியாது. மேக்கிலிருந்து பென் டிரைவ் வாங்கிய எவருக்கும் அந்தக் குப்பையைத் தெரிந்திருக்கும். அதோடு காட்டியா தொகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இருப்பவர் பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ வைத்தால் விண்டோஸுக்கு அது ஆகாது; சாம்பா அதை அலைக்குறி போட்ட எட்டெழுத்துப் புதிராக மாற்றிக் காட்டும். காட்டியாவில் மாற்றெழுத்து குறித்துக் கொடுத்தால் அந்தப் புதிர் வராது.

சாம்பாவின் குறைகள் இல்லாமல் இல்லை. அதன் கடவுச்சொல் லினக்ஸின் கடவுச்சொல்லிலிருந்து தனி. புதியவர் வந்தால் இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லே வேண்டாம், விருந்தினராக எல்லாரும் வரட்டும் என்ற பழைய சோம்பேறி வழி இனி செல்லாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில் கையொப்பமிட்ட இணைப்பு (நடுவில் யாரும் மாற்றவில்லை என்று ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை) கட்டாயம், விருந்தினர் இணைப்பில் கையொப்பமிட முடியாது. நல்லதுதான், ஆனால் அப்டேட் வந்த காலையில் அது நல்லதாகத் தெரியாது. பழைய ஜெராக்ஸ் இயந்திரங்கள் சிலவற்றில் ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டும் பேசும். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி1இன் ஓட்டை வழியாகத்தான். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாக மூடிவைத்திருக்கிறது. ஒரு இயந்திரத்துக்காக அதைத் திறக்காதீர்கள். ஸ்கேனுக்கு மட்டும் தனியாக எஃப்டிபி என்ற வேறு ஃபைல் அனுப்பும் முறையில் ஒரு ஃபோல்டர் கொடுத்துவிடலாம்.

2012இல் வந்த சாம்பா 4.0இலிருந்து அது ஆக்டிவ் டைரக்டரி (எல்லாப் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) கட்டுப்பாட்டு சர்வராகவும் இயங்கும். அந்த அளவுக்கு நான் ஓட்டிப் பார்த்ததில்லை. கெர்பரோஸோடு சேர்ந்த என்எஃப்எஸ்4ஐயும் தினசரி வேலைக்கு வைத்ததில்லை. முழுக்க லினக்ஸ் இருக்கும் ஆய்வகம் என்றால் அங்கே என் பேச்சைக் கேட்க வேண்டாம். என்எஃப்எஸ்தான் அங்கே ராஜா.

பிரிண்டரை மட்டும் சாம்பா கையில் கொடுக்கவில்லை. சாம்பாவால் அதுவும் முடியும். ஆனால் விண்டோஸுக்கான டிரைவர்களை சர்வரில் ஏற்றிவைத்து அங்கிருந்து இழுக்கும் முறை அது. 2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்தபின் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை இறுக்கிவிட்டது. டிரைவர் இறங்க நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். கப்ஸ் இதைச் சுற்றிப் போகிறது. பிரிண்டர் சர்வரில் யுஎஸ்பியில் இருக்கிறது, கப்ஸ் அதை வலைவழி அச்சுக்கான ஐபிபி நெறிமுறையில், 631ஆம் போர்ட்டில் வெளியே காட்டுகிறது. மேக்கின் அச்சு அமைப்பே 2002 முதல் கப்ஸ்தான் என்பதால் அங்கே பட்டியலில் தானாக வந்து நிற்கும். உபுண்டுவிலும் அப்படியே. விண்டோஸில் முகவரியைத் தட்டிச் சேர்க்க வேண்டும்; பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்று போதும், பிரிண்டரின் பாஷைக்கு மாற்றுவதை கப்ஸ் பார்த்துக்கொள்ளும். ஐபோனிலிருந்தும் அச்செடுக்கலாம், வைஃபையே இல்லாத பிரிண்டராக இருந்தாலும்.

எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பழைய மாடல்களுக்கு மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினிதான் ஃபர்ம்வேரை (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) திரும்ப ஏற்ற வேண்டும். சர்வர் யுபிஎஸ்ஸில் இருந்தால் பிரிண்டர் உயிர்வந்ததும் அதுவே ஏற்றிவிடும், யாரும் எழுந்து போக வேண்டாம். பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். சில மாடல்களுக்கு இல்லை, அப்படியென்றால் அதை விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிடுவது நிம்மதி.

கப்ஸ்-ப்ரௌஸ்டு என்ற துணைச் சேவையில் 2024 செப்டம்பரில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. வலையில் மற்ற பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பதுதான் அதன் வேலை. பிரிண்டர் நேரடியாகச் செருகியிருக்கும் சர்வரில் அது தேவையே இல்லை. நிறுத்திவிட்டேன், அச்சு வழக்கம்போல வருகிறது.