ஸ்மோர், வாழைப்பழப் படகு, காப்ளர்: கேம்ப்ஃபயரில் எதற்கு முதலிடம்?

அமெரிக்காவில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களிடம் ராத்திரி இனிப்பு என்னவென்று கேட்டால், பெரும்பாலும் ஸ்மோர் என்றுதான் சொல்வார்கள். பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயை நெருப்பில் வாட்டி, சாக்லேட்டோடு இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைப்பதுதான் அது. ருசியை மட்டும் பார்த்தால் நான் அதற்கு முதலிடம் தரமாட்டேன்.

ருசியில் முந்துவது பீச் காப்ளர். டச்சு அவன் எனப்படும் வார்ப்பிரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவைப் பரப்பிச் சுடுவது. சட்டியின் மூடி விளிம்பு உயர்ந்திருப்பதால் அதன் மேலும் கரி அடுக்கலாம். 12 அங்குலச் சட்டிக்கு மேலே 15, கீழே 9 கரித்துண்டு என்பது பழகியவர்கள் கணக்கு. யூட்டா மாநிலம் 1997-ல் இந்தச் சட்டியைத் தன் அதிகாரபூர்வப் பாத்திரமாகவே அறிவித்துவிட்டது. ஆனால் கனமோ கனம். பை சுமந்து மலையேறுகிறவர்களுக்கு ஆகாது. ஒருவர் சமைக்க, மற்றவர்கள் தட்டேந்திக் காத்திருக்க வேண்டும்.

ஸ்மோர் ஜெயிப்பது இங்கேதான். அமெரிக்கச் சாரணியர் இயக்கமான கேர்ள் ஸ்கவுட்ஸ் 1927-ல் வெளியிட்ட கையேட்டின் செய்முறையில், 16 மார்ஷ்மெல்லோவோடு 8 குச்சிகளும் தேவையான பொருட்களில் சேர்த்தி. ஆளுக்கொரு குச்சி, அவரவர் பதம். பொன்னிறமாக வாட்டுகிறவர்களுக்கும் வேண்டுமென்றே கருக்குகிறவர்களுக்கும் நடக்கும் சண்டை ஓயாது. (என் ஓட்டு பொன்னிறத்துக்கு. சுவாலையில் காட்டாமல் தணலுக்கு மேலே பொறுமையாகத் திருப்ப வேண்டும்.) மார்ஷ்மெல்லோவின் சூடு மட்டும் சாக்லேட்டை உருக்கப் போதாது; பிஸ்கட்டில் வைத்து முன்கூட்டியே நெருப்போரம் வைத்துவிடுங்கள். கிரகாம் கிராக்கர் என்ற அந்த பிஸ்கட்டுக்குப் பெயர் தந்த சில்வெஸ்டர் கிரகாம், சப்பென்ற சாப்பாடே ஒழுக்கம் காக்கும் என்று பிரசங்கம் செய்த 19-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார். இந்தக் கோலத்தைப் பார்த்தால் மனுஷன் என்ன சொல்லியிருப்பாரோ!

வாழைப்பழப் படகு இரண்டுக்கும் நடுவில். பழத்தைத் தோலோடு நீளவாக்கில் கீறி, சாக்லேட்டும் மார்ஷ்மெல்லோவும் திணித்து, அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் பத்து நிமிடம் வைத்தால் போதும். கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம், கையில் பிசுக்கு ஒட்டாது. வேகும்போது வேடிக்கை பார்க்க மட்டும் ஒன்றுமில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அமெரிக்காவில் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. அது இல்லாத வகையும் விற்கிறார்கள். பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் படகுதான்; அதற்குச் சாக்லேட் மட்டுமே போதும்.