பார்க்கின்சனுக்கு ஈசிடியா, டிபிஎஸ்ஸா?

நடுக்கம், விறைப்பு, மாத்திரை வேகம் தணிந்ததும் உடல் முடங்கிப்போகும் 'ஆன்-ஆஃப்' தொல்லை, இவை மட்டும்தான் பிரச்சினை என்றால் டிபிஎஸ்தான். டிபிஎஸ் என்பது மூளையின் ஆழத்தை மின்சாரத்தால் தூண்ட அறுவையில் பொருத்தும் கருவி: மூளைக்குள் மின்முனை, காரையெலும்புக்குக் கீழே பேட்டரி. சாதாரண பேட்டரி 3 முதல் 5 ஆண்டு தாங்கும். ஈசிடி என்பது மயக்க மருந்து கொடுத்து, தலையில் மின்சாரம் செலுத்திக் குறுகிய வலிப்பை உண்டாக்கும் சிகிச்சை. அதிலும் விறைப்பு தளரும், ஆனால் அந்தப் பலன் சில நாளிலோ சில வாரத்திலோ கரைந்துவிடும். மூளை அறுவை மருத்துவர் பெனபிட்டின் குழு பிரான்ஸின் கிரனோபிளில் டிபிஎஸ்ஸைத் தொடங்கிய 1987-இலேயே, மனச்சோர்வு இல்லாத 'ஆன்-ஆஃப்' நோயாளிகளிடம் ஈசிடியைச் சோதித்த இரட்டை மறைப்பு ஆய்வும் (யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குப் போலி என்பது நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாத ஆய்வு) வெளிவந்தது. பலன் தெரிந்தது, ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 11 பேர். அசைவுக்காக மட்டும் ஈசிடி என்று பரிந்துரைக்க இந்த ஆதாரம் போதாது.

சோறு தண்ணீர் வேண்டாம் என்று கிடக்கும் மனச்சோர்வோ, மருந்துக்கு அடங்காத மனப்பிறழ்வோ சேர்ந்துகொண்டால் கணக்கு மாறும். அந்த நிலையில் டிபிஎஸ் அறுவைக்கு எடுக்கமாட்டார்கள். மனப்பிறழ்வுக்கு ஹாலோபெரிடால் மாதிரி மருந்து கொடுத்தால் விறைப்பு கூடும். மனப்பிறழ்வுக்கான இன்னொரு மருந்தான க்ளோசபின் கேட்கும், ஆனால் வெள்ளணுக்களை விடாமல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். இங்கே எங்கள் சாய்வு ஈசிடி பக்கம்தான்: வாரம் 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12 அமர்வு. மனம் தேறும் முன்பே நடை லேசாவதும் உண்டு.

ஈசிடியில் காரியத்தைக் கெடுப்பதும் காப்பதும் லெவோடோபா அளவு. மூளையில் குறைந்துபோன டோபமைன் என்ற வேதிப்பொருளை ஈடுகட்டும் பார்க்கின்சன் மாத்திரை அது. அமர்வுகள் ஏற ஏற டோபமைனுக்கு மூளை காட்டும் எதிர்வினை கூடுகிறது. நேற்றுவரை சரியாக இருந்த மாத்திரை இன்று மிகையாகிவிடும். கைகால் முறுக்கி ஆடும், நாள் முழுக்கக் குழப்பம் நீடிக்கும். அதனால் தொடங்கும்போதே அளவைக் குறைப்பது வழக்கம், பாதியாக்குவோரும் உண்டு. குழப்பம் தலைகாட்டினால் அமர்வுகளுக்கு இடைவெளி விட்டு, தலையின் வலப்பக்கம் மட்டும் குறுகிய மின்துடிப்புகளாகக் கொடுக்கலாம். மறதிநோய் ஏற்கெனவே தொடங்கியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பயந்துபோய் லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தப்பு: கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும் காலை மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு கொடுத்துவிடுவது நல்லது. விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தசை தளர்த்தும் சக்சினைல்கோலின் போடுமுன் ஒரு கணுக்காலில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக் காற்றேற்றுவார்கள். மருந்து அந்தப் பாதத்துக்கு இறங்காது. உடம்பு அசையாமல் கிடக்க, வலிப்பு அங்கே மட்டும் துடிப்பாகத் தெரியும். பழைய நடுக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மயக்கத்தில் அது அடங்கியிருக்கும்.

சுற்று முடிந்தபின்தான் ஈசிடியின் உண்மையான சுமை. அப்படியே விட்டால் பலருக்கு நோய் திரும்பும். வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று பராமரிப்பு அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து, கூடவே வர ஓர் ஆள். வீட்டில் அதற்கு வழியில்லை என்றால் க்ளோசபினும் ரத்தப் பரிசோதனையுமே நடைமுறைக்கு ஒத்துவரும்.

டிபிஎஸ் ஏற்கெனவே இருந்தாலும் ஈசிடி கொடுக்கலாம். கருவியை அணைத்துவிட்டு, மண்டையில் துளையிட்ட இடங்களிலிருந்து தள்ளி ஈசிடி மின்முனைகளை வைக்க வேண்டும். முடிந்ததும் கருவியை மீண்டும் இயக்கி அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.