ஆயில் சம்பில் மரை போனால்: ஹெலிகாயிலா, லேத்தில் கடைந்த புஷ்ஷா?

என் காரின் அலுமினிய ஆயில் சம்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் துளையை நான் இரண்டு முறை பழுதுபார்க்க வேண்டியிருந்தது. முதல் முறை, புதிய மரையாக நிற்கும் கம்பிச்சுருளான ஹெலிகாயில் போட்டேன். அது நிலைக்காததால், இரண்டாம் முறை கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் காலர் (விளிம்பு) வைத்த இரும்பு புஷ், அதாவது உள்ளும் வெளியும் மரை வெட்டிய சிறு குழாய், கடைந்து போட்டேன். ஒரே துளையில் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், டிரெயின் போல்ட்டுக்குப் புஷ்தான் சரி என்பதே என் முடிவு.

மரை போன காரணம் புதிதல்ல. ஆயில் மாற்றியபோது நசுங்கிய பழைய வாஷரையே மறுபடியும் போட்டு, கசிவு நிற்கவேண்டும் என்பதற்காக நீளக் கைப்பிடி ஸ்பேனரால் இறுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை கழற்றியபோது போல்ட்டின் மரைப் பள்ளங்களில் அலுமினியம் வெள்ளிக் கம்பிச்சுருள் போலச் சுற்றிக்கொண்டு வந்தது. புதிய போல்ட்டைப் போட்டால் எங்கும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

புதிய போல்ட் வாங்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் பிட்ச், அதாவது அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம். என் காரின் டிரெயின் போல்ட் எம்14 (14 மி.மீ. விட்டம்), பிட்ச் 1.5 மி.மீ. ஆனால் சாதாரண ஹார்டுவேர் கடையில் ‘14 போல்ட்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் 2 மி.மீ. பிட்ச் உடையது; கையால் ஒன்றிரண்டு சுற்று போய்ப் பிறகு இறுகும், அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டால் மீதமுள்ள மரையும் போய்விடும். ஆகவே பழைய போல்ட்டின் மேல் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். நீளமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். போல்ட்டின் தலையில் உள்ள, அதன் வலுவைக் குறிக்கும் 8.8, 10.9 போன்ற எண்கள் பிரேக் காலிப்பர், சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்கு உயிர்நாடி. அங்கே குறைந்த எண்ணுள்ளதைப் போடவே கூடாது. டிரெயின் போல்ட் சுமை தாங்குவதில்லை என்பதால், இங்கே அந்த எண்ணைவிட உலோகமே முக்கியம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஒரு சுற்றுப் பெரிதான, தானே மரை வெட்டிக்கொள்ளும் போல்ட்டை நான் தற்காலிக வழியாக மட்டுமே ஏற்பேன். அது சற்றுச் சாய்ந்து வெட்டினாலும் வாஷர் சமமாக உட்காராது, வெட்டிய சீவல் சம்புக்குள் விழும். சம்பையே மாற்றுவது, தகட்டாலான மலிவான சம்புக்குப் பொருந்தும். வார்ப்பு அலுமினியச் சம்பில் விரிசல் இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

இனி ஹெலிகாயில். துளையைப் பெரிதாக்கி, அதற்கென உள்ள டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை வெட்டி, ஸ்டெயின்லெஸ் கம்பிச்சுருளை உள்ளே திருகுகிறோம். சுருள் தன் ஸ்பிரிங் விசையால் சுவரைப் பற்றி நிற்கிறது. சம்பைக் கழற்றாமலே, காரின் அடியில் படுத்தபடி செய்துவிடலாம் என்பது பெரிய வசதி. வலுவிலும் குறையில்லை, மூல அலுமினிய மரையைவிட இது உறுதியானது. ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் எம்8 துளைகள் இரண்டில் நான் போட்டவை நான்கு ஆண்டுகளாக அசையவில்லை. ஆனால் பிராக்கெட் போல்ட்டை யாரும் ஆண்டுதோறும் கழற்றுவதில்லை. டிரெயின் போல்ட்டோ ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் கழன்று ஏறுகிறது. என் பார்வையில் இந்தத் தேர்வைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான்.

என்னுடைய சம்பில் ஹெலிகாயில் போட்ட பிறகு வந்த இரண்டாவது ஆயில் மாற்றத்தில், போல்ட் பாதி கழன்றதும் இறுகியது. மேலும் திருப்பியபோது சுருளும் இழுபட்டு நீண்டு போல்ட்டோடு சேர்ந்தே வெளியே வந்தது. நியாயமாகச் சொன்னால் பாதித் தவறு போல்ட்டினுடையது. துருப்பிடிக்காது என்று எண்ணி ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டிருந்தேன். சுருளும் ஸ்டெயின்லெஸ், போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் என்றால் அழுத்தத்தில் உரசும்போது ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு போல்ட் போட்டிருந்தால் அந்தச் சுருள் இன்னும் சில காலம் இருந்திருக்கலாம். இன்னொரு குறை அப்போதும் நீங்காது: எம்14 சுருளுக்கு வெட்டும் துளை ஏறத்தாழ 16 மி.மீ. ஆகிவிடுவதால், வாஷர் அமரும் விளிம்பு குறுகிப்போகிறது.

புஷ் போட சம்பைக் கழற்றியே ஆக வேண்டும். ஒரு நாள் வேலை, கூடவே சம்பின் இணைப்பில் கசிவைத் தடுக்கப் புதிய சீலன்ட் பசை. ஆனால் துளையை மேசை டிரில்லில் நேராகத் துளைக்கலாம், சீவலை முழுவதும் கழுவி எடுக்கலாம். எனக்கு டர்னர் (லேத் தொழிலாளி) கடைந்து கொடுத்தது வெளியே எம்18, உள்ளே எம்14, பிட்ச் இரண்டும் 1.5, முகப்பில் 24 மி.மீ. விட்டமுள்ள காலர். உள் மரையையும் காலரின் முகத்தையும் ஒரே பிடியில், லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமல் கடையும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் முகம் மரைக்குச் செங்குத்தாக நின்று, வாஷர் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் உட்காரும். இப்போது வாஷர் அமர்வது அலுமினியத்தில் அல்ல, அகலமான இரும்பு முகத்தில். எத்தனை முறை கழற்றினாலும் தேய்மானம் இரும்புக்கும் இரும்புக்கும் இடையில்தான்.

இதன் பலவீனம், போல்ட்டோடு புஷ்ஷும் சேர்ந்து கழன்றுவிடும் வாய்ப்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். ஆகவே இரு மரைகளையும் எண்ணெய்ப்பசை அறவே போகத் துடைத்து, 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் சிவப்பு திரெட்லாக்கரை (மரையைக் கழலாமல் பிடிக்கும் பசை) தடவி இறுக்கி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டோம். காலரின் ஓரத்தில் மூன்று இடங்களில் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் தட்டி அலுமினியத்தைக் காலர் மேல் நெருக்கியும் வைத்தார் டர்னர்.

அதன்பின் நான்கு முறை ஆயில் மாற்றியிருக்கிறேன். ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. நான்கு முறை என்பது பெரிய அனுபவமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பார்க் பிளக் துளைக்கு இப்படிக் கடைந்த புஷ்ஷை நான் போட்டுப் பார்த்ததில்லை. அங்கே சூடும் அழுத்தமும் வேறு என்பதால் இந்தப் பரிந்துரையை அங்கே கொண்டுபோக மாட்டேன். சம்பிலும்கூட, துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியில் 18 மி.மீ. வெட்டிய பிறகு சுவர் 4 மி.மீ.யாவது மிஞ்சுமா என்று காலிப்பர் என்னும் அளவுக் கருவியால் அளந்துவிட்டே டர்னரிடம் கொடுங்கள். மிஞ்சாது என்றால் சம்பை மாற்றிவிடுவதே நல்லது.