பச்சை மஞ்சள் வயரைப் பார்த்து 640 பவுண்ட் கொடுத்து ஏமாந்தேன்

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களுக்கு முறையாகப் பாண்டிங் (உலோகக் குழாய்களை வயரால் வீட்டு மின்னிணைப்பின் எர்த்தோடு இணைக்கும் பாதுகாப்பு வேலை) செய்யப்பட்டிருக்கிறது என்று நேற்று மாலை வரை நம்பியிருந்தேன். அதற்காக 640 பவுண்ட் கொடுத்திருந்தேன்.

கிழக்கு லண்டனில் உள்ள எங்கள் வீடு 1930களில் கட்டப்பட்டது; வெந்நீர், தண்ணீர், எரிவாயு எல்லாமே உலோகக் குழாய்களில்தான் வருகின்றன. பாய்லர் மாற்ற வந்தவர், குழாய்களில் பாண்டிங் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேலைக்காரர்களை நட்சத்திரங்களோடு பட்டியலிடும் ஓர் இணையத்தளத்தில் தேடியபோது, நம்மவரே ஒருவர் கிடைத்தார். "எங்கட வீடு மாதிரி நினைச்சுச் செய்து தாறன் அண்ணா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். அந்த இடத்தில்தான் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாய்லரின் கீழ் வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் இணைத்து ஒரு பச்சை மஞ்சள் வயர், தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் குழாயைச் சுற்றி இறுக்கும் ஒரு கிளாம்ப், அதிலிருந்து சமையலறை அலுமாரிக்குப் பின்னால் போய் மறையும் இன்னொரு வயர். சான்றிதழ் மின்னஞ்சலில் வரும் என்றார். 640 பவுண்டையும் அங்கேயே கொடுத்தேன்.

சான்றிதழ் வரவேயில்லை. நேற்று முழு வீட்டையும் பரிசோதிக்க வந்த வேறொரு எலக்ட்ரீஷியன் அலுமாரியை நகர்த்தி அந்த வயரை இழுத்தார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. மறுமுனை எங்கும் இணைக்கப்படவில்லை. கிளாம்ப் பெயின்ட்டைச் சுரண்டாமலே அதன் மேல் முறுக்கப்பட்டிருந்தது. இத்தகைய வீட்டுக்குக் குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டுமாம், போட்டிருந்தது 4. எரிவாயுக் குழாயை அந்த மனிதர் தொட்டிருக்கவே இல்லை.

இது வெறும் பண நட்டம் அல்ல என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். வீட்டில் எங்காவது மின்கசிவு ஏற்பட்டுக் குழாயில் மின்னழுத்தம் ஏறினால், குழாயும் மற்ற உலோகங்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால்தான், ஈரக்கையால் இரண்டைச் சேர்த்துத் தொடுபவரின் உடல் வழியாக மின்சாரம் பாயாது. வெந்நீரையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று இணைத்தால் அந்த இரண்டுக்கும் இடையே மட்டும் வேறுபாடு குறையும். வீட்டின் எர்த் வயர்கள் எல்லாம் சேரும் பிரதான எர்த் முனையோடு இணைக்காவிட்டால், அந்தக் குழாய்களையும் எர்த் செய்யப்பட்ட வாஷிங் மெஷினையும் ஒரே நேரத்தில் தொடுபவருக்கு ஆபத்து அப்படியே இருக்கும். எங்கள் சமையலறையில் அம்மா தினமும் நிற்கும் இடம் அது.

அந்த மனிதருக்கு அழைத்தேன். முதலில் "வேலையில் நிற்கிறன் அண்ணா" என்றார், பிறகு "கிழமை முடிவில் வந்து பார்க்கிறன்" என்றார், மூன்றாவது அழைப்புக்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். இணையத்தளத்துக்கு எழுதினேன். தாங்கள் இரு தரப்பையும் அறிமுகம் செய்பவர்கள் மட்டுமே என்று ஒரு பதில். படங்கள் அனுப்பிய பிறகு, வயரைக் கழற்றியது யார் என்று உறுதிசெய்ய இயலாது என்று இன்னொரு பதில். 640 பவுண்டைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை. அவருடைய பக்கத்தில் நட்சத்திரங்கள் இன்னும் அப்படியே மின்னுகின்றன.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சான்றிதழ் கைக்கு வரும்முன் பணம் கொடுக்காதீர்கள். வயரின் இரண்டு முனைகளையும் காட்டச் சொல்லுங்கள். கிளாம்ப் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முன்னாலேயே மீட்டர் வைத்துக் குழாய்க்கும் எர்த் முனைக்கும் இடையே மின்தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள், 0.05 ஓமுக்கு மேல் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். புதிய ஆள் நாளை காலை எட்டு மணிக்கு வருகிறார். அதுவரை அம்மாவைச் சமையலறைக் குழாய்ப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.