டைல்ட் எடிட்டரில் மட்டக்களப்பு: சண்டை மேப் வரைந்த நீண்டநாள் அனுபவம்

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ரசிகர் கேம் ஒன்றுக்குச் சண்டை மேப் வரைவது என் பொறுப்பு. முறை வைத்துக் கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தும் வகை. அளவெல்லாம் பழைய கைக் கேம் கருவியான கேம்போய் அட்வான்ஸ் அளவுதான்: மேப்பின் ஒரு கட்டத்தை நிரப்பும் சிறு படமான டைல் 16×16 பிக்சல், திரையில் 15×10 கட்டம். டைல் வரைய ஏஸ்பிரைட், மேப் அடுக்க டைல்ட். பல வருசமாக இந்த இரண்டையும் விட்டு வேறு பக்கம் போகவில்லை.

டைல்ட் இலவசம், என் பழைய லப்டொப்பிலும் இழுபடாமல் ஓடும். அதைவிடப் பெரிய காரணம், படத்தையும் விதியையும் அது தனித்தனியாக வைத்திருக்க விடுகிறது. ஒவ்வொரு டைலுக்கும் நமக்கு வேண்டிய பண்பை எழுதி வைக்கலாம். வட்டை, அதாவது வயல்வெளி மேப்பில், ஒரு கட்டத்தைக் கடக்கப் படை செலவிடும் நகர்வுப் புள்ளி வரம்புக்கு 1, சேற்றுக்கு 3, குதிரை சேற்றில் இறங்காது. வயலில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாரியில் சேறாகத் தெரியும் அதே மேப், கோடையில் அறுவடை முடிந்த வயலாக வேண்டுமென்றால், டைல் படத்தை அதே வரிசையில் வேறு நிறத்தில் வரைந்து மாற்றினால் போதும். மேப்பை மறுபடி அடுக்க வேண்டாம். செலவு எண்ணை மட்டும் கோடைக்கு ஏற்றபடி குறைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மட்டக்களப்பின் கல்லடிப் பாலங்களை வைத்து வரைந்த மேப். பழைய இரும்புப் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம், அதனால் 1 டைல். பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்துக்கு 2 டைல். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நீர் விடுவது என்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. எங்கள் வில்லாளியின் அம்பு 2 கட்டத் தூரம்தான் போகும். நடுவே 1 டைல் நீர் விட்டால், பழைய பாலத்தில் நிற்கும் ஒரு வில்லாளி புதிய பாலத்தின் அருகு வரிசையைத் தடுத்துவிடுவான், மறு வரிசையால் தப்பிப் போகலாம். 2 டைல் விட்டால் இரண்டு பாலமும் இரண்டு தனிச் சண்டை. நான் 1 டைலோடு வைத்திருக்கிறேன். எந்தப் பாலத்தால் போவது என்று ஆடுபவர் நின்று யோசிக்க வேண்டும், அந்த யோசனைதான் எனக்கு வேண்டியது.

மட்டக்களப்புக் கோட்டை மேப் இலகுவாக வந்தது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, நான்கு கொத்தளம். முற்றுகை மேப் ஒன்றுக்கு வேண்டிய எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

பொறுமை வேண்டிய இடம், நில வகைகளின் ஓரங்களைத் தானாகப் பொருத்தி வரையும் டைல்ட்டின் டெரெய்ன் பிரஷ். கரையும் நீரும் மூலைக்கு மூலை தானாகப் பொருந்தி வர, இரண்டு வகை நிலத்துக்கு, டைலின் நான்கு மூலையிலும் எது வரும் என்ற கணக்கில், 16 டைல் வரைய வேண்டும். மூன்றாவதாகக் கண்டல் மரக் காட்டையும் சேர்த்து எல்லா மூலைக் கலப்பையும் வரையப் போனால் 81 ஆகிவிடும். கரையும் நீரும் நேரே தொடாமல் நடுவில் கண்டலை விட்டால் 31 டைலோடு முடியும். வாவி ஓரத்தில் கண்டல் நிற்பதும் அங்கேதானே.

நிறத்தில் கஞ்சத்தனம் வேண்டும். பலெட்டில், அதாவது நிறத் தொகுப்பில், 16 நிறம், ஒன்று வெறுமையாக விடும் இடத்துக்குப் போனால் மிச்சம் 15. நீருக்கு நான்கை மட்டும் ஒதுக்கி, அந்த நான்கையும் மாற்றித்தான் வாவியையும் கடலையும் பிரித்துக் காட்டுகிறேன். வாவிக்குப் பாசிப் பச்சை, கடலுக்கு நீலம். படைக் காய்களின் நிறம் நிலத்தில் கரைந்துவிடக் கூடாது என்பதால் தரை டைல்களை ஒரு படி மங்கலாகவே வைக்கிறேன்.

ஏஸ்பிரைட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். முடியாதவர்கள் அதிலிருந்து பிரிந்து வந்த லிப்ரேஸ்பிரைட்டை இலவசமாக எடுக்கலாம், டைல் வேலைக்கு அது தாராளம். புதிதாகத் தொடங்குபவர்கள் டைல்ட்டில் முதலில் வெறும் நிறக் கட்டங்களால் மேப்பை அடுக்கி, ஒரு சண்டை ஆடிப் பார்த்த பிறகு படம் வரையத் தொடங்குங்கள். என் வட்டை டைல் தொகுப்பு வேண்டியவர்கள் கேளுங்கள், தருகிறேன்.