டீபக்கரில் திரெட்டுகள் தெரிய மூன்று வழிகள்

சிறு கருவிகளில் இருக்கும் கார்டெக்ஸ்-எம் சில்லுக்குத் திரெட் (மாறி மாறி ஓடும் தனித்தனி வேலை) என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தவை ரிஜிஸ்டர்களும் நினைவகமும்தான். ஜிடிபி என்ற டீபக்கரில் 'இன்ஃபோ திரெட்ஸ்' கொடுத்ததும் பத்து டாஸ்குகளுக்குப் (திரெட்டுக்கு இன்னொரு பெயர்) பதில் ஒன்றே ஒன்று வந்தால், அவற்றை ஓட்டும் இயங்குதள மையமான கர்னலின் பட்டியல்களை யாரும் படித்துச் சொல்லவில்லை என்று பொருள். யார் படிப்பது என்பதில்தான் போட்டி.

ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு இயங்குதளத்துக்கு, ஜிடிபியையும் சில்லையும் இணைக்கும் ஓப்பன்ஓசிடி சர்வரே படிக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும் என்பார்கள், எல்லாப் பதிப்புக்கும் போதாது. சர்வர் தேடும் 'டாப் யூஸ்டு பிரையாரிட்டி' மாறி, கர்னலின் 7.5.3 பதிப்பிலேயே காணாமல் போய், பிந்தைய பதிப்புகளில்தான் திரும்பி வந்தது. அது இல்லாத பதிப்பில், ஓப்பன்ஓசிடியுடன் வரும் துணைக் கோப்பைச் சேர்த்து அதை மீட்கலாம். யாரும் பயன்படுத்தாத மாறி என்று, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் அதையும் கழித்துவிடும் என்பதால், 'அன்டிஃபைன்டு' கொடி கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும்.

அதன் பிறகும் ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு டாஸ்குக்கும் கர்னல் வைத்திருக்கும் விவரத் தொகுப்பில் பெயர் 52ஆவது பைட்டில் இருக்கிறது என்று சர்வரின் மூலநிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்டாக் (டாஸ்கின் தற்காலிக நினைவகம்) சுட்டி 4, பட்டியல் உறுப்புகள் இரண்டுக்கும் 20 வீதம் 40, முன்னுரிமை 4, ஸ்டாக்கின் தொடக்கம் 4: கணக்கு சரிதான். ஆனால் பட்டியல் உறுப்புகளில் கூடுதல் சரிபார்ப்பு பைட்டுகளைச் சேர்க்கும் தேர்வை இயக்கிப் பாருங்கள், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை வரும். அடுத்தவர் வீட்டு அலமாரியில் எது எங்கே இருக்கும் என்று ஊகிக்கிற வேலை இது.

செஃபிர் என்ற இன்னொரு இயங்குதளம் ஊகத்துக்கே இடம் வைக்கவில்லை. 'டீபக் திரெட் இன்ஃபோ' தேர்வை இயக்கினால், எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் என்ற அட்டவணையைக் கர்னலே நிரலோடு சேர்த்துத் தருகிறது. சர்வர் அதைப் படித்துக்கொள்கிறது. கட்டமைப்பு மாறினால் அட்டவணையும் மாறும். என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது, ஜிடிபிக்குள் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட். டீபக் தகவலிலிருந்தே கட்டமைப்பை அறிவதால் பைட் கணக்கில் ஏமாறாது. நினைவகப் பதிவு மட்டும் கையில் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் அது வெறும் பட்டியல். ஒரு டாஸ்குக்குத் தாவ ரிஜிஸ்டர்களைக் கையால் மாற்ற வேண்டும். திருப்பி வைக்க மறந்து ஓடவிட்டால் நிரல் கவிழும்.

எந்த வழியானாலும் பெயர்கள் வந்ததுமே நம்பிவிடாதீர்கள். மிதவைப் புள்ளி (தசம எண் கணக்கு) அலகைப் பயன்படுத்திய டாஸ்குக்கு வன்பொருள் 8 சொற்களுக்குப் (ஒரு சொல் 4 பைட்) பதில் 26 சொற்களை ஸ்டாக்கில் சேமிக்கிறது. அதைக் கவனிக்காத கருவி பெயரைச் சரியாகக் காட்டி, அழைப்புத் தொடரைத் தப்பாகக் காட்டும். அப்படிப்பட்ட டாஸ்க் ஒன்றைத் தாமதத்தில் நிறுத்தி 'பேக்டிரேஸ்' (அழைப்புத் தொடர்) எடுங்கள். தாமதச் செயல்கூறும் அதை அழைத்த உங்கள் வரியும் தெரிந்தால் சரி.